86 கிலோ மூட்டையில் ஒரே ஒரு காய்ந்த மேலங்கி: கொல்லிமலை முகாம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்யும் ஐந்து பேரும், அவர்களில் ஒருவருடைய பேரனும் ஒரு மார்கழிச் சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய்க் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கினார்கள். அன்று பின்னிரவில் எங்களில் மூத்தவர் உடல் குளிர்ந்து, விரல் வழங்காமல், பேச்சுக் குழறும் நிலைக்குப் போய்விட்டார். விடிவதற்குள் மீண்டுவிட்டார். மழையைக் குறை சொல்லிக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் மழை பெய்யும் என்று முதல் நாளே தெரியும். எங்களிடம் சாமானும் குறைவில்லை. எந்தச் சாமானை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் தவறினோம்.

இதை எழுதும் நான் அந்த ஐவரில் ஒருவன், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பொருள் பட்டியல் போட்டதும் நான்தான். மற்றவர்கள்: கட்டிங் மாஸ்டர், வயது 57, அவருடைய மகள் வயிற்றுப் பேரன், 11 வயது, ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் ஒருவர், நிட்டிங் பிரிவு இளைஞர்கள் இருவர். பெயர்கள் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். எழுதியதை மாஸ்டர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் நேரத்தைத் திருத்தினார்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்குக் குறையில்லை. இளைஞர்கள் முதலில் வெள்ளியங்கிரி என்றார்கள். அங்கே பிப்ரவரி முதல் மே வரை மட்டுமே ஏற விடுவார்கள். மார்கழியில் வழி மூடியிருக்கும். அடுத்து பர்கூர் பக்கம் காட்டுக்குள் எங்காவது என்றார்கள். அதை மாஸ்டர் ஒரே பேச்சில் தடுத்துவிட்டார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் திருப்பூர், ஈரோட்டுக்காரர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பது குற்றம். யானை நடக்கும் வழியாக இருந்தால் உயிருக்கே கேடு. ஆகவே பட்டா நிலம்தான் என்று முடிவானது. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, கீழே காப்பி வளர்க்கும் ஒரு தோட்டக்காரர் ஆளுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு தங்க இடம் தருவதாகச் சொன்னார். அவர் வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இந்த ஒரு முடிவுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. எடுத்தபோது அதன் முழு மதிப்பு எங்களுக்குத் தெரியவில்லை.

பட்டியல் போட்ட விதம்

இரண்டு வாரம் முன்பே டீக்கடையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். இளைஞர்களில் ஒருவன் முந்தைய சித்திரையில் நண்பர்களோடு அதே மலையில் தங்கியவன். "ராத்திரி மெல்லிய போர்வை போதும் அண்ணா, அதுவும் விடியற்காலையில்தான்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. சித்திரைக்கு அது சரி. நாங்கள் சித்திரை இரவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு மார்கழி இரவுக்குப் போனோம்.

கணக்குப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குளிர்ச்சி கூடும் என்பது பள்ளிப் பாடம். கொல்லிமலையின் மேற்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரம் உள்ளது. நாமக்கல்லில் இரவு 20 டிகிரி என்றால் மேலே 13 அல்லது 14. நான் கைப்பேசியில் பார்த்தது நாமக்கல் நகரத்துக்கான முன்னறிவிப்பு: 20 டிகிரி, லேசான மழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருப்பதாகவும் செய்தியில் சொன்னார்கள். "லேசான மழைதானே" என்று இரண்டு குடைகளைப் பட்டியலில் சேர்த்தேன்.

பட்டியலில் பெரும்பகுதி சமையல். கொங்கு நாட்டுக்காரர்கள் எங்கே போனாலும் வயிற்றைத்தான் முதலில் நினைப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. இரும்புத் தோசைக்கல், 5 கிலோ சிலிண்டர், அடுப்பு, கறி சுடக் கரியோடு ஒரு கம்பி அடுப்பு, இரண்டு பெரிய போசி, சட்டுவம், தூக்குப் போசியில் மாவு, இன்னொன்றில் கட்டுச்சோறு, மாஸ்டர் வீட்டிலிருந்து ஒப்புட்டு. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. தோட்டக்காரர் வீட்டில் கிணறு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தது.

படுக்கைக்கு மூன்று பவானி ஜமக்காளம், ஆளுக்கொரு சென்னிமலைப் போர்வை. உட்கார, படுக்க, விருந்துக்கு விரிக்க என்று எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஜமக்காளம்தான். அது உழைக்கும், ஓரளவு மெத்தென்றும் இருக்கும். ஈரத் தரையில் அது என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கூடாரங்கள் மூன்று. இரண்டு, மேலே தனி மழைத்துணி உள்ள இரட்டை அடுக்கு வகை. நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. மூன்றாவது, தூக்கிப் போட்டால் தானே விரியும் ஒற்றை அடுக்குக் கூடாரம்; விலை மலிவு என்று நான் வாங்கினேன்.

உடுப்புப் பற்றிப் பேச்சே எழவில்லை. துணி செய்கிற ஊரில் துணிக்குப் பட்டியல் எதற்கு? அவரவர் வீட்டில் இருந்ததை எடுத்து வந்தோம். இருந்ததெல்லாம் பஞ்சு. பனியன், டி-ஷர்ட், உள்ளே பஞ்சு நெளிவு வைத்துப் பின்னிய கனமான தலைமூடிச் சட்டை, எல்லாமே எங்கள் ஊர்ச் சரக்கு, நூறு சதம் காட்டன். மெர்ச்சண்டைசர் மட்டும் வேறு மாதிரி கட்டியிருந்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பகல் பன்னிரண்டரைக்கு மெர்ச்சண்டைசரின் காரில் கிளம்பினோம். ஈரோடு, திருச்செங்கோடு வழியாக நாமக்கல். அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலையடிவாரமான காரவள்ளி. அங்கே தேநீருக்கு நிறுத்தினோம். கடைக்காரர் மலையுச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவப் போனார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கண்ணாடியில் பனிமூட்டம் அப்பிக்கொண்டது. பையன் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்து ஐம்பத்து மூன்றில் வாந்தி எடுத்தான்.

சாலையில் காரை நிறுத்தியபோது மணி ஆறேகால். அங்கிருந்து முகாம் இடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் சுமார் 800 மீட்டர் இறங்க வேண்டும். சாமானை ஒரே நடையில் கொண்டு போக முடியவில்லை. இரண்டு நடை ஆயிற்று. சிலிண்டரையும் தோசைக்கல்லையும் மாஸ்டர்தான் தூக்கினார். யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டார். குளிராக இருக்கிறது என்று தலைமூடிச் சட்டையைப் போட்டுக்கொண்டே தூக்கியதால், இரண்டாம் நடை முடிந்தபோது அது உள்ளே வியர்வையிலும் வெளியே பனியிலும் நனைந்திருந்தது. அவர் அதை மாற்றவில்லை. மாற்றும்படி சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவுமில்லை.

இருட்டிவிட்டது. வெளிச்சத்துக்கு ஒரு டார்ச்சும் கைப்பேசிகளும்தான். தலையில் மாட்டும் விளக்கு ஒன்றுகூட இல்லாததால், ஒருவர் விளக்குப் பிடிக்க ஒருவர் முளை அடிக்க என்று ஒவ்வொரு கூடாரத்துக்கும் இரண்டு பேர் வேலை. தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அங்கே வேண்டாங்க, அந்த மேட்டில் போடுங்கள்" என்றார். மேடு கல்லாக இருந்தது, சாய்வாகவும் இருந்தது. பள்ளம் சமதளமாக, காலுக்கு மெத்தென்று இருந்தது. ஒரு கூடாரத்தை மட்டும் மரியாதைக்கு மேட்டில் அடித்துவிட்டு, மற்ற இரண்டையும் பள்ளத்தில் அடித்தோம். பள்ளத்து மண் ஏன் மெத்தென்று இருந்தது என்பது நள்ளிரவில் விளங்கியது.

சாயப்பட்டறை ஆய்வகத்தில் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை விளையாட்டாக எடுத்துப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு 15 டிகிரி காட்டியது. ஈரப்பதம் 96 சதவீதம். தோசை அருமையாக வந்தது. தூறல் ஆரம்பித்தது. பத்தரைக்குப் படுத்தோம். மாஸ்டரும் பேரனும் பள்ளத்தில் இருந்த ஒற்றை அடுக்குக் கூடாரத்தில். அடித்து முடிக்க அது எளிது என்பதால் பெரியவருக்கும் பையனுக்கும் அதையே கொடுத்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு உறுத்துவது இந்த ஒதுக்கீடுதான்.

இரவு 1 முதல் 3 வரை

ஒரு மணிவாக்கில் தூறல் மழையானது. பெருமழை அன்று, சீராக, நிற்காமல் பெய்த மழை. ஒற்றை அடுக்குக் கூடாரத்தின் உள்புறம் மூச்சின் ஈரம் படிந்து ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து வடிந்த நீர் பள்ளத்தில் சேர்ந்து, கூடாரத்தின் தரைத் தையல் வழியாக உள்ளே கசிந்தது. ஜமக்காளம் அதை முழுவதுமாகக் குடித்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மாஸ்டர் தன் போர்வையையும் அவன்மேல் போர்த்தி, ஈரம் வராத மூலைக்கு அவனைத் தள்ளிவிட்டு, தான் நனைந்த ஜமக்காளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரையும் எழுப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார்.

இரண்டே முக்காலுக்கு என் கூடாரத்துக்கு வெளியே பையன் குரல் கேட்டது: "மாமா, அப்பச்சி என்னமோ மாதிரி பேசுகிறார்."

போய்ப் பார்த்தபோது கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன். மாஸ்டர் உடம்பு முழுவதும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "ஒன்றுமில்லை கண்ணு, விடிந்துவிடும்" என்று சொல்ல வந்தார். வார்த்தைகள் குடித்தவர் பேசுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் மது தொடுவதில்லை. வெளியே வரச் சொன்னதும் கூடார வாசலின் ஜிப்பைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். விரல்களால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. எண்பது அடுக்குத் துணியை விரித்து, மில்லிமீட்டர் பிசகாமல் கத்தி ஓட்டும் கை அது.

அந்த ஜிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நடுக்கம் குளிரில் எல்லோருக்கும் வரும். கை வழங்காமல் போவதும் பேச்சுக் குழறுவதும் சேர்ந்து வந்தால், உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்திருக்கலாம் என்று நிறுவனத்தின் முதலுதவிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வெப்பமானி 13 டிகிரி காட்டியது. 13 டிகிரி ஒன்றும் பெரிய குளிரில்லை. காய்ந்த உடுப்போடு இருந்தால் யாரும் அதில் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அவர் இடுப்புக்குக் கீழே தண்ணீரிலும், மேலே ஈரப் பஞ்சிலும் இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காரணங்களைச் சேர்த்தே எழுதுகிறேன். அந்த நேரத்தில் ஐந்து வாயிலிருந்து ஐந்து யோசனைகள் வந்தன. அவற்றில் இரண்டு ஆளைக் கொன்றிருக்கும்.

முதல் யோசனை, கறி சுட்ட கம்பி அடுப்பில் மீதிக் கரியைப் பற்றவைத்துக் கூடாரத்துக்குள் வைப்பது. நானே ஒரு கணம் அசைந்துவிட்டேன். மெர்ச்சண்டைசர்தான் வேண்டவே வேண்டாம் என்றார். மூடிய இடத்தில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். குளிர்மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

இரண்டாவது, இளைஞர்களின் பையில் இருந்த பிராந்தி. "ஒரு மூடி மட்டும் மாஸ்டருக்கு" என்றான் ஒருவன். மது உள்ளே போனால் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும். சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் சூடு வெளியேறும். கொடுக்கவில்லை.

மூன்றாவது, தேங்காயெண்ணெய் தடவிக் கைகால்களைச் சூடு பறக்கத் தேய்ப்பது. இது நம் வீடுகளில் வழக்கம். அவன் ஆரம்பித்தே விட்டான். நிறுத்தச் சொன்னேன். கைகால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தத்தை அவசரமாக நெஞ்சுக்கு அனுப்புவது நல்லதில்லை. மார்பையும் வயிற்றையும் கழுத்தையும்தான் முதலில் சூடாக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஈர உடுப்பைக் கழற்றுவது. கழற்றிவிட்டு எதைப் போடுவது? இங்கேதான் பட்டியல் பல்லை இளித்தது. எல்லோருடைய பையையும் கவிழ்த்தோம். துணிப்பைகள் எல்லாம் நனைந்திருந்தன. உள்ளே இருந்த பஞ்சு உடுப்புகளும் ஈரம் இழுத்திருந்தன. மெர்ச்சண்டைசரின் பையும் நனைந்துதான் இருந்தது. ஆனால் அவர், சாம்பிள் அனுப்பிப் பழகிய கைப்பழக்கத்தில், ஒவ்வோர் உடுப்பையும் மடித்துத் தனித்தனிப் பாலிபேக்கில் போட்டு வாயை ஒட்டியிருந்தார். அதில் இருந்தவை ஒரு காலுறை, ஒரு கால்சட்டை, வாங்குபவர் நிறம் சரியில்லை என்று திருப்பிய ஒரு பாலியஸ்டர் ஃப்ளீஸ் (மொசுமொசுவென்ற செயற்கை இழைத் துணி) மேலங்கி. அந்த முகாமில் அன்று காய்ந்திருந்த மேலங்கி அது ஒன்றுதான். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம். மாஸ்டருக்கு அதைப் போட்டுவிட்டோம்.

அடுத்தது இடம். மேட்டில் இருந்த இரட்டை அடுக்குக் கூடாரம் உள்ளே காய்ந்திருந்தது. அவரை அங்கே கொண்டுபோய், அடியில் மடக்கு நாற்காலிகளின் துணியைக் கழற்றிப் போட்டு, அதன்மேல் காலி மாவுப் பை, அட்டைப்பெட்டி என்று கிடைத்ததை எல்லாம் அடுக்கி உட்கார வைத்தோம். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் தரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பயனில்லை என்பது அப்போது கைக்குப் புலப்பட்டது. இரு பக்கமும் ஓர் ஆள் நெருங்கி உட்கார்ந்தோம். தலையில் ஒரு துண்டு. நான்காமவன் வெளியே குடைக்கடியில் அடுப்பை மூட்டி வெல்லம் போட்ட வெந்நீர் வைத்தான். அவர் நன்றாக விழித்திருந்தார், எச்சில் விழுங்க முடிந்தது; அதை உறுதி செய்துகொண்ட பிறகே மடக்கு மடக்காகக் கொடுத்தோம்.

காருக்குக் கொண்டுபோய் ஹீட்டரைப் போடலாமா என்றும் யோசித்தோம். 800 மீட்டர் ஏற்றம், சேறு, ஒரே டார்ச். அந்த நிலையில் அவரை நடத்தினால் வழியில் விழுவார். தூக்கிப் போகவும் எங்களால் முடியாது. கைப்பேசியில் சிக்னல் இல்லாததால் 108-ஐ அழைக்கவும் வழியில்லை. தோட்டக்காரர் வீடு 300 மீட்டர், சமதளம். இளைஞர்களில் ஒருவனை அங்கே அனுப்பினோம்.

மூன்றரைக்குத் தோட்டக்காரர் வந்தார். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். கையில் ஒரு தார்ப்பாயும் ஒரு கம்பளியும். எங்களுடைய பத்தாயிரம் ரூபாய்ச் சாமானைவிட அந்த இரண்டும் உருப்படியாக இருந்தன. மாஸ்டரின் நடுக்கம் சற்றுத் தணிந்து, பேச்சும் தெளிந்திருந்தது. நடுக்கம் நின்றதாலேயே நலமாகிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. உடம்பு சோர்ந்து நடுக்கத்தைக் கைவிட்டாலும் அது நிற்கும். அது இன்னும் மோசமான கட்டம். அதனால் அவரைப் பேச வைத்துப் பார்த்தோம். பேரன் படிக்கும் வகுப்பு, அந்த வாரம் ஓடிய ஆர்டரின் எண் என்று கேட்டோம். ஆர்டர் எண்ணைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, "என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிட்டாயா தம்பி" என்று கோபித்துக்கொண்டார். எழுந்து நேராக நிற்கவும் முடிந்தது. இருவர் தாங்க, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடத்திச் சென்றோம்.

அங்கே தரையில் கோரைப்பாய், அதன்மேல் சாக்கு, அதன்மேல் கம்பளி. கோரைத் தண்டின் உள்ளே நெட்டி போலக் காற்று அடைந்திருக்கும். தரைக்கும் உடம்புக்கும் நடுவில் அதுவே தடுப்பு. ஐந்து மணிக்கு மாஸ்டர் வியர்க்கிறது என்று கம்பளியை விலக்கினார். காலையில் மலைமேல் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். வெப்பம், ரத்த அழுத்தம், நாடி எல்லாம் சரியாக இருந்தன. வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளைப் பையன் மட்டும் நினைத்து நினைத்து வருந்தினான்.

தராசில் வைத்துப் பார்த்தபோது

திங்கட்கிழமை மாலை, நூல் எடை போடும் தராசில் சாமான் முழுவதையும் ஏற்றினேன். தண்ணீர் கேனையும் தின்று தீர்த்ததையும் கணக்கில் சேர்த்து மொத்தம் 86 கிலோ. அதில் சமையல் சாமானும் உணவும் 34, தண்ணீர் 20, நாற்காலி, ஸ்பீக்கர், கிரிக்கெட் மட்டை முதலியவை 8, கூடாரம் 7, படுக்கை 9, உடுப்பு 8. இரவைச் சமாளிக்க உதவும் சாமான் எல்லாம் சேர்ந்து 24 கிலோதான். நனையாமல் காப்பாற்றப்பட்டது மெர்ச்சண்டைசரின் பாலிபேக்குகள் மட்டும். ஒன்றரைக் கிலோகூட இல்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். மாஸ்டரின் காட்டன் தலைமூடிச் சட்டை காய்ந்தபோது 640 கிராம். தண்ணீரில் முக்கிக் கையால் பிழிந்த பிறகு 1 கிலோ 310 கிராம். இரவு முழுவதும் கொடியில் போட்டும் காலையில் ஈரமாகவே இருந்தது. ஆரஞ்சு ஃப்ளீஸ் காய்ந்தபோது 380, பிழிந்த பிறகு 500. மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

இதில் வெட்கப்பட வேண்டியது நாங்கள்தான். பஞ்சு காற்றிலிருந்து எவ்வளவு ஈரம் இழுக்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மாய்ஸ்சர் ரீகெய்ன் என்போம்: பஞ்சுக்கு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4. நூல் வாங்கும்போது இந்தக் கணக்கில் ஏமாந்தால் ஈரத்தையும் நூல் விலைக்கு வாங்க வேண்டிவரும் என்பதால், புதிதாகச் சேரும் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். அது காற்றின் ஈரத்துக்கான கணக்கு. தண்ணீரில் நனைவது வேறு கணக்கு என்று நிபுணர்கள் சொல்லலாம், சரிதான். இரண்டிலும் பஞ்சு போகும் திசை ஒன்றுதான். வெயிலுக்குப் பஞ்சைப் போல உடுப்பு உண்டா? இல்லை. வியர்வையை வாங்கி மெல்ல ஆறவிட்டுக் குளிரச் செய்கிறது. மழையிலும் அதே வேலையைத்தான் செய்தது.

மாற்றியவை

பட்டியலைப் புதிதாக எழுதினோம். முன்பு சாப்பாட்டில் தொடங்கினோம். இப்போது இரவு மூன்று மணியில் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் மழை பெய்தால் அடியில் என்ன, உடம்பில் என்ன, தலைக்கு மேல் என்ன என்று கேட்டு, அதற்கு உரியதை எடுத்து வைத்த பிறகே மற்றவை.

அடியில் ஆளுக்கொரு நுரைப்பாய், உள்ளே இருக்கும் நுண்ணறைகள் மூடிய வகை. தண்ணீர் இழுக்காது, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஜமக்காளம் பகலில் உட்கார ஒன்று போதும். உடம்பில் தூங்குவதற்கென்றே ஒரு முழுச் செட் உடுப்பு, பஞ்சு கலக்காதது. அது பாலிபேக்கில் ஒட்டப்பட்டு வரும், படுக்கும் வரை யாரும் பிரிக்கக் கூடாது. சுமை தூக்கி முடித்ததும் போட்டிருக்கும் உடுப்பைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பாலிபேக்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆளுக்குப் பத்து என்று கொண்டு போகிறோம். ஒன்றாவது கம்பளி இருக்க வேண்டும். நனைந்தாலும் கொஞ்சம் சூடு தாங்கும் துணி அது. தானே விரியும் கூடாரம் இப்போது மாஸ்டர் வீட்டு மாடியில் வற்றல் காயவைக்கப் பயன்படுகிறது. தார்ப்பாய் ஒன்று, நைலான் கயிறு, ஆளுக்கொரு தலைவிளக்கு. தண்ணீர் கேன் இல்லை. போகுமுன் தோட்டக்காரரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டியவை மூன்று: கிணறு உண்டா, நேற்று இரவு எப்படி இருந்தது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். அவர் சொல்லும் மேட்டில்தான் கூடாரம்.

எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம் என்று சொல்ல முடியாது. இளைஞர்கள் ஸ்பீக்கரை விடச் சம்மதிக்கவில்லை. 600 கிராம்தானே என்று விட்டுவிட்டேன். தோசைக்கல்லை விடலாம் என்றேன். அது இருந்ததால்தான் ராத்திரி வயிறு நிறைய உண்டேன், வயிற்றில் இருந்ததால்தான் உடம்பு தாங்கியது என்கிறார் மாஸ்டர். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பு சீக்கிரம் குளிரும் என்பதும் உண்மைதான். மூன்று கிலோ இரும்புக்குப் பதில் அலுமினியக் கல் என்று சமரசம் ஆனது.

பிப்ரவரியில்

ஒன்றரை மாதம் கழித்து, அதே ஆறு பேர், அதே தோட்டம். கிளம்புமுன் தராசில் வைத்தேன். சமையலும் உணவும் 17 கிலோ, கூடாரம் 9, படுக்கை 12, உடுப்பு 9, தார்ப்பாயும் கயிறும் விளக்கும் 4, ஆக 51. ஒரே நடையில் இறக்கிவிட்டோம். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் நின்றது. தோட்டக்காரரிடம் அவருடைய கம்பளிக்குப் பதிலாக ஒரு புதுக் கம்பளி கொடுத்தோம். வாங்கிக்கொண்டு பழையதையும் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு 14 டிகிரி, தெளிந்த வானம், ஒரு சொட்டு மழை இல்லை. எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். ஆனால் புதிய பட்டியல் இன்னும் மழையில் சோதிக்கப்படவில்லை. நிறுவனத்து மொட்டை மாடியில் கூடாரத்தை அடித்து, தண்ணீர்க் குழாயை ஒரு மணி நேரம் பீய்ச்சிப் பார்த்ததில் வலது மூலைத் தையலில் மட்டும் கசிந்தது. அதற்குத் தையல் பசை தடவியிருக்கிறேன். ஐப்பசியில் மறுபடியும் பீய்ச்சிப் பார்க்க வேண்டும்.